மாப்பிள்ளை போட்ட ஓட்டை

அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு இருந்த குறையே அதுதான்.

காலையில் எழுந்தால் முதல் காப்பி அவருக்கு. சாப்பாட்டு நேரத்தில் முதல் தட்டு அவருக்கு. குழம்பில் நடுத்துண்டு மீன் எப்போதும் அவருக்கு. தண்ணீர் வாளியைத் தூக்கப் போனால் மாமியார் ஓடிவந்து, "நீங்க எதுக்கு மாப்பிள்ளை, குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொள்வாள். மாமனார் படகுக்குக் கிளம்பும்போது இவரும் செருப்பைத் தேடினால், "வெயில்ல வந்து என்ன செய்யப் போறீங்க, ஃபேனைப் போட்டுட்டு உக்காருங்க" என்பார். கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த ஆளுக்கு இதெல்லாம் சுகம்தான். பெட்டி படுக்கையோடு குடியே வந்துவிட்ட ஆளுக்கு? ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் விருந்தாளியாகவே இருப்பான்?

அவர் தையல்காரர். டவுனில் கடை வைத்திருந்தார். கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கிற வரைக்கும் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான். முன்னறையில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, அக்கம்பக்கத்துக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பார், பேண்ட் கால் மடித்துக் கொடுப்பார். வீட்டோட மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. முகத்துக்கு நேராகச் சொல்லாததெல்லாம் காதில் விழாமலா இருக்கும்?

அவர் மனைவி படகுப் பட்டறையில் வெல்டர். படகுத்துறையில் அவளுக்குப் 'பொறி' என்று பேர். வெல்டிங்கில் பறக்கிற பொறியை வைத்துச் சொன்னார்களா, அவள் வாயை வைத்துச் சொன்னார்களா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமனாரைத் துறையில் எல்லோரும் கேப்டன் என்பார்கள். எப்போதோ ஒரு பெரிய கப்பல்காரர் கொடுத்த தொப்பியை அவர் தலையிலிருந்து எடுத்ததே இல்லை. கேப்டனிடம் இருந்தது ஒரு சின்ன ஃபைபர் படகுதான். ஆனால் அந்தத் தொப்பியோடு அவர் அதில் உட்கார்ந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் மரியாதை வந்துவிடும்.

கேப்டன் வலை போடுகிறவர் இல்லை. தூண்டில்காரர். இடது கை மோட்டார் பிடியில், வலது கையில் தூண்டில் கம்பு. படகு மெதுவாக ஓட, பின்னால் நைலான் நரம்பின் முனையில் பொய் மீன் நீந்திக்கொண்டே வரும். நிஜ மீன் அதைக் கவ்வும். இப்படித்தான் வீடு கட்டினார், மகளைப் படிக்க வைத்தார். போன மழைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது கயிறு வெடுக்கென்று இழுத்ததில் வலது தோள் போய்விட்டது. வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவில்லை. கம்பைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகிறது. வெறும் படகை ஓட்டிக்கொண்டு போய் வெறும் படகாகத் திரும்பி வந்தார், பல நாள்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"படகைத் தம்பிகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் கேப்டன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஞாயித்துக்கெழமை வந்து பாக்கிறேன்னான்."

தம்பி என்றால் சின்னவர். துறையில் அவருக்கு ஏற்கெனவே மூன்று படகு.

பொறி சாப்பிடுவதை நிறுத்தினாள். "யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? என் படகு."

"நான் தவழ்ந்த படகு அது. பிடிக்க ஆள் இல்லைன்னா ஹோல்டர் மாட்டுங்க. ஊர்ல எல்லாரும் மாட்டலையா? நாலு கம்பைச் சொருகி வச்சுட்டு நீங்க மோட்டாரைப் பிடிச்சு உக்காந்தா போதும். நரம்பு போடறதுக்கும் எடுக்கறதுக்கும் ஒரு ஆள்."

"கம்பு கையில இருக்கணும். மீன் என்ன செய்யுதுன்னு கைக்குத்தான் தெரியும். அதோட, ஹோல்டர் மாட்டணும்னா படகோட விளிம்புல ஓட்டை போடணும். என் ஆயுசு முழுக்க ஓட்டையை அடைச்சிட்டிருந்தேன். இப்ப நானே காசு குடுத்து ஓட்டை போடறதா?"

"ஆள் வேற யாரு இருக்கா" என்று மாமியார் முனகினாள். "நீ பட்டறைக்குப் போயிடுவ."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் இருக்கேன் அத்தை."

மாமியார் அவசரமாக அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

"மாமா, ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க" என்றார் மாப்பிள்ளை. "ஹோல்டர் பாத்து நானே மாட்டறேன். ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சரிவரலைன்னா சின்ன மாமாகிட்ட குடுத்துடுங்க."

கேப்டனுக்கு இது தர்மசங்கடம். மகள் கேட்டிருந்தால் போடி என்றிருப்பார். மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்டு, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்று எழுந்து கை கழுவப் போனார். இந்த மரியாதையால் மாப்பிள்ளைக்கு நடந்த முதல் நன்மை இதுதான்.

மறுநாள் துறைமுகத் தெருவில் படகுச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். மாப்பிள்ளை துணியைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தப் பிளாஸ்டிக் வெயில்ல வெளுக்குமா?"

"வெளுத்தா என்னங்க, அது பாட்டுக்கு வெளுக்கட்டும். ரெண்டு வெயில் பாத்தா விரிசல் விட்டுடும், அதான் விஷயம். சின்ன மீனுக்குத் தாங்கும். பெரிசு ஒண்ணு இழுத்துச்சுன்னா ஹோல்டரும் கம்பும் சேந்து மீனுக்குச் சீதனம்."

"இது?"

"இது கவ்விப் பிடிக்கிற தினுசு. ஓட்டை வேண்டாம். ஆனா கவ்வறதுக்குக் கம்பி வேணும். கேப்டன் படகுல சுத்துக் கம்பி ஏது? இதை வாங்கிட்டுப் போய் அவர் தொப்பியிலதான் மாட்டணும்."

மூன்றாவது, துருப்பிடிக்காத எஃகுக் குழாய். விளிம்பில் ஓட்டை போட்டு உள்ளே இறக்குவது. அடியில் ஒரு குறுக்கு ஆணி. கம்பின் அடிப்பக்க வெட்டு அதில் உட்கார்ந்தால் கம்பு சுழலாது. மாப்பிள்ளைக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் எல்லாக் குழாயும் ஒரே சாய்வு.

"வேற சாய்வுல கிடைக்காதா?"

"கம்பெனி போடறது இதாங்க."

ரெடிமேட், என்று மாப்பிள்ளை மனசுக்குள் சொல்லிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் குடுங்க."

"ஒண்ணா? ஒத்தைச் செருப்பு மாதிரி இது எதுக்குங்க?"

"மாதிரிக்கு. மிச்சத்தை வீட்ல செஞ்சுக்குவாங்க."

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. "பொறி செய்யுமா? அப்ப சரி" என்று சலிப்போடு பொட்டலம் கட்டினார்.

அன்று சாயங்காலம் கரையில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்த படகில் மாமனாரை உட்கார வைத்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார் மாப்பிள்ளை.

"படகுக்கு அளவெடுக்கறேன்னு கூட்டிட்டு வந்து எனக்கு எடுக்கிறீங்க?"

"கையைத் தூக்குங்க மாமா."

"எவ்வளவு?"

"வலிக்காத வரைக்கும்."

கை நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. கேப்டன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மாதிரி ஒரு ஆளுக்கு இதைக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி டேப்பைப் பார்த்துக்கொண்டார்.

"முழங்கையை மடிச்சுப் பின்னால இழுங்க. வருதா?"

"இழுக்க வரும். தூக்கத்தான் வராது."

அதுதான் விஷயம். நிமிர்ந்து நிற்கிற ஹோல்டரிலிருந்து கம்பை எடுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும். ஹோல்டரைத் தாழ்வாக வெளிப்பக்கம் சாய்த்துப் போட்டால், கம்பைத் தன் நெஞ்சுப் பக்கமாக உருவிக்கொள்ளலாம். தூக்கவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தார். முழங்கை எங்கே வருகிறது, மணிக்கட்டு எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் குறித்தார். பொறி பட்டறையிலிருந்து ஒரு குழாயை அந்தச் சாய்வுக்கே பற்றவைத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் காலையில், பட்டறையில் இரவல் வாங்கிய துளைக்கிற மெஷினை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மாமனாரின் படகில் முதல் ஓட்டையை மாப்பிள்ளை போட்டார். வெள்ளைத் தூள் பறந்தது. கேப்டன் அந்தப் பக்கம் திரும்பி நின்று யாரோ வருகிற மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோல்டரை இறக்கித் திருகி, படகைத் தண்ணீரில் விட்டார்கள். மோட்டாரை முடுக்கினதும் படகு மூக்கைத் தூக்கியது. பின்பக்கம் அமிழ்ந்தது. கேப்டன் பழக்கதோஷத்தில் ஒரு சாண் முன்னால் நகர்ந்து குனிந்து உட்கார்ந்தார். ஓடுகிற படகில் யாரும் அப்படித்தான் உட்காருவார்கள். ஹோல்டர் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கம்பின் நுனி தண்ணீரை நக்கிக்கொண்டு வந்தது. கேப்டன் கையைப் பின்னால் வளைத்து எட்டிப் பார்த்தார். தோளில் சுரீரென்றிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை திட்டுக்காகக் காத்திருந்தார். கண்ணு எங்கே போச்சு என்று ஒரு வார்த்தை. படகை நாசம் பண்ணிட்டியே என்று ஒரு வார்த்தை. வேறு யாராவது இந்தப் படகில் தப்பான இடத்தில் ஓட்டை போட்டிருந்தால் அவனைத் தூக்கித் தண்ணீரில் போட்டிருப்பார் கேப்டன்.

கேப்டன் ஹோல்டரின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். "பரவாயில்லைங்க மாப்பிள்ளை" என்றார். "இதெல்லாம் நமக்கெதுக்கு. வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்க."

அந்தப் 'பரவாயில்லை' மாப்பிள்ளையின் நெஞ்சில் ஈட்டி மாதிரி இறங்கியது. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வீட்டில் பொறி மட்டும்தான் திட்டினாள். ஆசை தீரத் திட்டினாள். "கரையில நிக்கிற படகுக்கு ரசமட்டம் வச்சு அளவெடுத்தீங்களா? எங்க அப்பா கரையிலயா மீன் பிடிக்கிறார்? பேண்டுக்கு அளவெடுக்கும்போது ஒவ்வொருத்தனையும் உக்காந்து எந்திரிக்கச் சொல்வீங்களே, அந்தப் புத்தி எங்க போச்சு?"

நிற்கிற ஆளுக்கு அளவெடுத்து, அவன் உட்கார்ந்ததும் பின்பக்கம் கிழிகிற பேண்ட்டை வேலை பழகின புதிதில் அவரே தைத்திருக்கிறார். அதற்கப்புறம் இன்னொரு தடவை அந்தத் தப்பை அவர் செய்ததில்லை, இந்தப் படகு வருகிற வரைக்கும்.

"ஓட்டையை நான் அடைச்சிடறேன்" என்றாள் அவள், குரலைத் தணித்துக்கொண்டு. "உள்ள பலகை வச்சு, மேல ஃபைபர் துணி ஒட்டிட்டா முந்தினதை விட உறுதியா நிக்கும். நீங்க ஒழுங்கா அளவெடுங்க."

"உங்க அப்பா இனிமே படகைத் தொட விடுவாரா?"

"கேட்டுப் பாருங்க. நீங்க கேட்டா அவருக்கு வாய் எழும்பாது."

மறுநாள் மாப்பிள்ளை ஒரு பழைய போர்வையைப் பட்டை பட்டையாகக் கிழித்து எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். அவர் கேட்டதும் கேப்டனால் மறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை நாலு குழாய்த் துண்டுகளை அந்தப் பட்டையால் படகின் விளிம்பில் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"இது என்னங்க, அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி?"

"கச்சாத் தையல் மாமா. முதல்ல லேசா இணைச்சு, ஆளுக்கு மாட்டிப் பாத்துட்டு, அப்புறம்தான் மெஷின்ல ஓட்டறது. இன்னைக்கு ஒரு ஓட்டையும் போட மாட்டேன். நீங்க எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டுங்க. நான் இருக்கேன்னு நினைக்காதீங்க."

நினைக்காமல் எப்படி இருப்பார்? இருந்தாலும் தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் கேப்டன் கேப்டனாகிவிட்டார். முன்னால் குனிந்தார், காற்றைப் பார்த்தார், அலைக்குத் தோதாகப் படகைச் சாய்த்தார். மாப்பிள்ளை முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து பட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். சாக்பீஸ் ஈரத்தில் எழுதவில்லை. கரண்ட் வேலைக்காரர்கள் ஒட்டுகிற டேப்பைக் கிழித்து ஒட்டினார்.

"எட்டுதா மாமா?"

"இன்னும் கொஞ்சம் முன்னால."

"இப்ப?"

"சாய்வு ஜாஸ்தி. நுனி தண்ணியைத் தொடக்கூடாது, நரம்பு மட்டும்தான் தொடணும்."

"இப்ப?"

கேப்டன் முழங்கையை மடித்து இழுத்தார். கம்பு குழாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து அவர் நெஞ்சோரம் நின்றது. திரும்ப வைத்தார். திரும்ப இழுத்தார். இன்னொரு தடவை வைத்து இழுத்தார்.

"பின்னால இருக்கிற ரெண்டும் இப்படி நேரா நின்னா நரம்பு சிக்கிக்கும்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே. "ஒண்ணை அந்தப் பக்கம், ஒண்ணை இந்தப் பக்கம் விரிச்சு வைங்க. இடது ஓரத்துல கீழ பெட்ரோல் குழாய் ஓடுது. துளைக்கறதுக்கு முன்னால உள்ள கையை விட்டுப் பாருங்க."

சனிக்கிழமை பொறி பட்டறைக்கு லீவு போட்டாள். புருஷனும் பொண்டாட்டியும் காலையிலிருந்து படகுக்குள்ளேயே கிடந்தார்கள். பழைய ஓட்டை அடைபட்டுக் காய்ந்திருந்தது. டேப் ஒட்டிய இடங்களில், உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, அவர் துளைத்தார். ஒவ்வொரு குழாயையும் அதனதன் சாய்வுக்கு அவள் பற்றவைத்தாள். அடியில் தகடு வைத்து, சுற்றிலும் தண்ணீர் புகாத பசை பூசி, திருகுகளை முறுக்கினார்கள். மாமியார் சாப்பாடு கொண்டுவந்தவள், மாப்பிள்ளையின் தலையெல்லாம் வெள்ளைத் தூளாக இருப்பதைப் பார்த்து, "ஏண்டி, அவரைப் போட்டு இப்படி வேலை வாங்குறியே" என்று மகளைக் கடிந்துகொண்டாள். மாப்பிள்ளைக்கு ஜிவ்வென்று கோபம் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் கிளம்பினார்கள். சின்னவர் வெயில் ஏறுவதற்குள் துறைக்கு வந்துவிடுவார். அதற்குள் பார்த்துவிட வேண்டும். நாலு கம்பும் நாலு திசையில் விரிந்து நின்றன. பொய் மீன்கள் பின்னால் துள்ளிக்கொண்டு வந்தன. காற்று லேசாக இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை நாலு நுனியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் வலித்துப் போனார். கேப்டன் கரையைத் திரும்பிப் பார்த்தார். பொறி நகத்தைக் கடித்தாள்.

திடீரென்று கேப்டனின் வலது பக்கத்துக் கம்பு வில்லாக வளைந்தது. ரீல் கத்தியது. ஹோல்டர் அசையவில்லை. விளிம்பு கிறீச்சிடக்கூட இல்லை.

கேப்டன் மோட்டாரை விட்டார். குனிந்த வாக்கிலேயே முழங்கையை மடித்து ஒரே இழுப்பு. கம்பு அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அடிப்பக்கத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்து, கெட்ட கையால் கம்பை அணைத்துக்கொண்டு, நல்ல கையால் ரீலைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்தால் தோள் போன ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தபடியே நின்றார். தான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் தெருவில் நடந்து போவதைப் பார்க்கிற அதே சந்தோஷம்.

"எருமை மாடு மாதிரி என்னடா பாத்துட்டிருக்க" என்று ஒரு குரல் இடித்தது. "மோட்டாரைப் பிடி. அந்தப் பக்கமில்ல, இந்தப் பக்கம். நரம்பு மோட்டார்ல சுத்திக்கப் போவுது, கண்ணு இருக்கா இல்லையா உனக்கு?"

மாப்பிள்ளை பாய்ந்து மோட்டாரைப் பிடித்தார். தப்பாகத் திருப்பினார். அதற்கு இன்னொரு வசவு விழுந்தது, இங்கே எழுத முடியாத ஒன்று. திருத்தித் திருப்பினார். பொறி கைவலையைப் போட்டு மீனை அள்ளி உள்ளே தள்ளினாள். அவள் தோளிலிருந்து இடுப்பு வரை நீளம் இருந்தது. மூன்று பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள்.

பொறி புருஷனைப் பார்த்தாள். திட்டு வாங்கின மனுஷன் முகம் பூராவும் பல்லாக இருந்தது. கேப்டனுக்குத் தான் என்ன பேசினோம் என்பதே நினைவில்லை. அவர் மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த தடவை நான் எந்திரிக்கும்போதே நீ மோட்டாருக்கு வந்துடணும்" என்றார்.

துறையில் சின்னவர் காத்திருந்தார். படகைச் சுற்றி வந்து பார்த்தார், மீனைப் பார்த்தார், விளிம்பில் இருந்த நாலு குழாயையும் பார்த்தார்.

"என்ன அண்ணே, விக்கிற நேரத்துல படகைப் போட்டுத் துளைச்சு வச்சிருக்கீங்க?"

"விக்கல" என்றார் கேப்டன். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இந்த ஹோல்டர்ல ஒரு கம்பை வச்சுட்டு என் எடத்துல உக்காந்து பாரு. உனக்கு எட்டாது. என் கைக்குன்னே அளவெடுத்தது. கடையில போய்க் கேட்டாக்கூடக் கிடைக்காது. பத்தவச்சது என் பொண்ணு. அளவெடுத்ததும் துளைச்சதும் எங்க மாப்பிள்ளை. உன் மூணு படகுலயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கா?"

சின்னவர் உட்கார்ந்து பார்த்தார். எட்டவில்லை. கூட நின்ற ரெண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், தன் படகுக்கும் இந்த மாதிரி செய்ய முடியுமா, தனக்கு முதுகுதான் கோளாறு என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கேப்டன் முந்திக்கொண்டார். "அதெல்லாம் அப்புறம். அவனுக்கு இப்ப வேலை இருக்கு." துவைக்கிற பிரஷையும் வாளியையும் மாப்பிள்ளையின் கையில் திணித்தார். "உப்புக் காயறதுக்குள்ள தேய்ச்சுக் கழுவிடு. மூலையெல்லாம் பாத்துக் கழுவு." மீனைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டார்.

மாப்பிள்ளை கழுவினார். மூலையெல்லாம் கழுவினார். முட்டி இரண்டும் தேய்ந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வரும்போது பசி காதை அடைத்தது.

உள்ளே எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நடுத்துண்டு சின்னவரின் தட்டில் முள்ளாகக் கிடந்தது. மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள். "அடக் கடவுளே, மாப்பிள்ளை வந்துட்டார். உங்களுக்கு முன்னால நாங்க உக்காந்துட்டோமே. கையைக் கழுவுங்க, தோ எடுத்து வைக்கிறேன்."

"நீ உக்காரு" என்றார் கேப்டன், வெற்றிலை போட்ட வாயோடு. "அவனுக்கென்ன கையா இல்ல? போட்டுத் தின்னுவான்."

மாமியார் அதிர்ந்துபோய்ப் புருஷனைப் பார்த்தாள், அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்படியா பேசுவது என்று அவள் முகம் சிவந்துவிட்டது.

மாப்பிள்ளை அடுக்களைக்குள் போனார். அந்த வீட்டில் தட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தேடி எடுத்தார். பானையின் அடியில் இருந்த சோற்றைச் சுரண்டிப் போட்டு, குழம்பில் மிஞ்சிய வால்துண்டை எடுத்து வைத்துக்கொண்டு வந்து, மாமனாருக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.